உள்ளபடியே ஏற்றுக்கொண்டேன்

நாவுல
16.06.1966

அன்புத் தங்கச்சி மஸூதாவுக்கு,

அல்லாஹ்வின் சாந்தி உன் மீதும் சின்னவன் மீதும் உண்டாகட்டும். உம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. றாபியாவும் பிள்ளைகளும் சுகம். மச்சான் புஹாரி கொழும்புக் கடையிலிருந்து இந்த மாதம் வந்து போனாரா?

நலம் விசாரித்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மாமனார் அப்துல் ஸமத் ஹாஜியார் எனக்கு விற்ற கார் சரியாக மூன்று கிழமை, இருபத்தொரு நாள் ஓடியது. வஹகோட்டைத் திருவிழாவுக்கு எஸ்டேட் ஆட்கள் ஐந்து பேரை ஹயர் வாடகைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். நாலந்தா தாண்டி ஒரு இறக்கத்தில் கியர் தானாகக் கழன்றுவிட்டது. பிரேக்கை மிதித்தேன். அத்தனை பாரத்துக்கு அது பிடிக்கவில்லை. மண்மேட்டில் ஏற்றித்தான் வண்டியை நிறுத்தினேன். நான் தப்பிவிட்டேன். பின்சீற்றில் இருந்த வேலம்மா என்ற மனுஷிக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கொழுந்து பறிக்கிற கை.

கராஜ் லெட்சுமணன் கியர்பொக்ஸைக் கழற்றினான். உள்ளே எண்ணெய் இல்லை, களி மாதிரி ஏதோ இருந்தது. விரலில் எடுத்து மோந்து பார்த்தான்.

“நானா, இது மரத்தூளு. கிரீஸோட கொழச்சு அடைச்சிருக்கானுங்க. தேஞ்ச பல்லு போடுற சத்தம் வெளிய கேக்காது. ஒரு மாசம் தாங்கும். யாரு வித்தது?”

“என் தங்கச்சிட மாமனார்” என்றேன்.

அவன் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. தலையைக் குனிந்துகொண்டு கையைத் துடைத்தான்.

நான் கார் வாங்க வந்த நாள் நீ குசினியில் இருந்தாய், முற்றத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. அன்று நான் லெட்சுமணனையும் கூட்டிக்கொண்டுதான் மாத்தளைக்கு வந்தேன். உங்கள் வீட்டுச் சந்திக்கு வந்ததும் அவனைத் தேத்தண்ணிக் கடையில் இருக்கச் சொன்னேன். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த வீட்டில் மெக்கானிக்கைக் கொண்டுபோய்ப் பொனட்டைத் திறப்பது, ஹாஜியாரைக் கள்ளன் என்று சொல்வது மாதிரி. அந்த மரியாதைக்காகப் பொனட்டில் கை வைக்காமல் ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். அவர் எழுதி வைத்திருந்த காகிதத்தில், முத்திரை மேல் கையெழுத்தும் போட்டேன். ‘நன்றாகப் பரிசோதித்து, உள்ளபடியே ஏற்றுக்கொண்டேன்.’ வாப்பா விட்டுப்போன வயலில் பாதி அந்தக் கையெழுத்தோடு போய்விட்டது.

மாமாவிடம் இதைச் சொல். காரைத் திருப்பி எடுக்கட்டும். உடனே பதில் போடு.

உன் நானா,
ஜுனைதீன்

*

மாத்தளை
29.06.1966

அன்புள்ள நானாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்குப் பல் முளைக்கிறது, இரவில் அழுகிறான். இவர் பெருநாளைக்கு வந்து போனதற்குப் பிறகு வரவில்லை. உம்மாவின் காலுக்கு நல்லெண்ணெய் சுடவைத்துத் தேய்க்கச் சொல்லி மதினியிடம் சொல்லுங்கள்.

மாமா எழுதச் சொன்னது: கார் இங்கிருந்து போகும்போது நன்றாகத்தான் போனது. பாரம் கூட ஏற்றினால் எந்தக் காரும் பழுதாகும். கையெழுத்து இருக்கிறது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மனுஷிக்கு வலது கை என்றுதானே எழுதியிருந்தீர்கள்? கட்டுப் போட்டார்களா?

தங்கச்சி,
மஸூதா

*

நாவுல
08.07.1966

மஸூதாவுக்கு,

ஸலாம். உம்மா எண்ணெய் தேய்க்கிறா. உன் கடிதத்தில் உன் வார்த்தையைத் தேடிப் பார்த்தேன். கடைசி இரண்டு வரியில்தான் நீ இருந்தாய்.

செவ்வாய்க்கிழமை உன் மாமாவின் கடைக்கே போனேன். ஏலக்காய் நிறுக்க வந்த நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால்தான் எல்லாம் நடந்தது.

“ஜுனைதீன், மாட்டை ஓட்டிட்டுப் போய் ஒரு மாசம் கழிச்சு, பல்லு சரியில்லண்டு யாரும் திரும்பி வருவாங்களா?”

“மாட்டுக்கு யாரும் பொய்ப்பல்லு கட்டி விக்கிறதில்ல ஹாஜியார். இதுக்குக் கட்டியிருக்கு.”

“கையெழுத்து ஒங்கடதா இல்லையா?”

“என்டதான்.”

“அப்ப போய் வேலயப் பாருங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. மருமகள்ட நானா வெறும் வயித்தோட போனா எனக்குத்தான் வெக்கம்.”

நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குடிக்கவில்லை. அங்கிருந்து பஸ் எடுத்துத் தம்புள்ளையில் வழக்குப் பார்க்கிற ஒரு புரொக்டரிடம் போனேன். அவர் சொன்னதைக் கேட்டுக்கொள். பழைய காரை வாங்குகிறவனுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. உள்ளே மறைந்திருந்த பழுது, வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாதது என்றால், காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். ஆனால் உள்ளபடியே ஏற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தவனுக்கு அது கஷ்டம். விற்றவன் பழுதைத் தெரிந்துகொண்டே மறைத்தான் என்று காட்டினால் மட்டும் அந்தக் காகிதம் எதற்கும் உதவாது. தனக்கு முன் வைத்திருந்தவன் போட்ட மரத்தூள் என்று ஹாஜியார் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? பார்த்த சாட்சி வேண்டும்.

இனி ஒரு மைல்கூட ஓட்டாதே, காரைத் திருப்பித் தருவதாக ஹாஜியாருக்கு எழுத்தில் அறிவித்துவிடு என்றார். பதிவுத் தபால் போட்டுவிட்டேன். கார் லெட்சுமணனின் கொட்டிலில் கிடக்கிறது.

நான் வாங்கிய கிழமை உங்கள் முற்றத்தில் அந்தக் காரில் யார் வேலை செய்தது? நீ என்ன பார்த்தாய்? அதை மட்டும் எழுது.

ஜுனைதீன்

*

நாவுல
12.08.1966

மஸூதாவுக்கு,

ஸலாம். ஒரு மாதம் தாண்டிவிட்டது. நீ சுகமா என்று உம்மா தினமும் கேட்கிறா. சுகம் என்று பொய் சொல்கிறேன். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

வேலம்மாவைப் போய்ப் பார்த்தேன். கை கோணலாகப் பொருந்தியிருக்கிறது. அரைப் பேர்தான் போடுகிறார்களாம். அரை நாள் சம்பளம் என்று அர்த்தம். புருஷன் இராமசாமி என்னைத் திட்டுவான் என்று நினைத்துப் போனேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, “ஒங்க காரும் போச்சே தம்பி” என்றான். திட்டியிருக்கலாம்.

எனக்குப் பதில் வேண்டும்.

ஜுனைதீன்

*

மாத்தளை
20.08.1966

அன்புள்ள நானாவுக்கு,

ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன் என்று உம்மாவிடம் சொல்லுங்கள். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது.

தபால் இங்கே கடைக்குத்தான் வருகிறது. உங்கள் ஜூலைக் கடிதத்தை மாமா உடைத்து வாசித்துவிட்டுத்தான் என்னிடம் தந்தார். சாப்பாட்டு நேரம், எல்லோருக்கும் முன்னால், “பதில் எழுதுங்க மகள். ஒண்டும் பாக்கல்லண்டு எழுதுங்க” என்றார். நான் அப்படி எழுதவில்லை. எழுதாமல் இருக்கத்தான் என்னால் முடிந்தது.

இனிமேல் பக்கத்து வீட்டில் தையல் தைக்கிற நூருன்னிஸாவின் பேருக்குப் போடுங்கள். அவ கையில் தருவா.

கோணலாகப் பொருந்திய கையைத் திரும்ப உடைத்துக் கட்டலாமாமே? கண்டி ஆஸ்பத்திரியில் செய்வார்கள் என்று நூருன்னிஸா சொல்கிறா. கேட்டுப் பாருங்கள்.

தங்கச்சி,
மஸூதா

*

நாவுல
02.09.1966

மஸூதாவுக்கு,

ஸலாம். நூருன்னிஸாவுக்கும் ஸலாம் சொல்.

இப்போது யாரும் வாசிக்கவில்லை. ஆனாலும் நீ பதில் எழுதவில்லை. வேலம்மாவின் கையை விசாரிக்கிறாய், உம்மாவின் காலை விசாரிக்கிறாய். நான் கேட்ட ஒரே கேள்வியைச் சுற்றிக்கொண்டு போகிறாய்.

கோட்டுக்குப் போவதற்கு முன் இணக்க சபைக்குப் போக வேண்டுமாம். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசித் தீர்க்கிற சபை. தீராவிட்டால் அவர்கள் எழுதித் தரும் துண்டோடுதான் வழக்குப் போடலாம். சபையில் புரொக்டர் வாய் திறக்கக் கூடாது. நான்தான் பேச வேண்டும். தலைவர் யார் தெரியுமா? உன் மாமாவின் கடைக்கு முப்பது வருஷமாக மிளகு போடுகிறவர். அவருக்கு முன்னால் நான் என்னத்தைக் காட்டுவது? லெட்சுமணன் ஒரு போத்தலில் எடுத்து வைத்த களியையா? ஹயர் ஓடி மீட்கலாம் என்று அடகு வைத்த றாபியாவின் மாலை மூழ்கப்போகிறது. கள்ளக் காசு சம்பாதித்தவன் ஊரில் ஹாஜியார். வயலை விற்று வாங்கியவன் கடன்காரன், வம்புக்காரன். இதுதான் நியாயம் என்றால் நீயும் அந்தக் கடையில் நின்று சிரித்தவர்களோடு சிரித்துவிடு.

பார்த்தாயா, இல்லையா? ஒரு சொல் போதும்.

ஜுனைதீன்

*

மாத்தளை
25.09.1966

நானாவுக்கு,

ஸலாம். உடம்பு சுகம். வேறெதையும் விசாரிக்காமல் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

பார்த்தேன்.

நீங்கள் வியாழக்கிழமை வந்தீர்கள். திங்கட்கிழமை மாமா மர ஆலையிலிருந்து ஒரு சாக்கு மரத்தூள் கொண்டுவந்து, மா அரிதட்டில் அரித்துத் தரச் சொன்னார். கோழிக்கூட்டுக்குப் பரப்ப என்று நினைத்தேன். அரித்துக் கொடுத்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு, “கரடா இரிக்கு மகள், இன்னொருக்கா அரிங்க” என்று திருப்பித் தந்தார். கோழிக்கு எதற்கு இவ்வளவு மெல்லிசு என்று யோசித்துக்கொண்டே அரித்தேன். பிறகு தேத்தண்ணி கொண்டு போனபோது, காருக்குக் கீழே ஒரு ஆள் படுத்திருந்தான். பக்கத்தில் தாச்சியில் கிரீஸும் மரத்தூளும் குழைத்து வைத்திருந்தது. “என்னத்துக்கு மாமா?” என்று கேட்டேன். “காருக்கு இருமல். மருந்து குடுக்கிறம்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதைத்தான் நீங்கள் வாங்க வருகிறீர்கள் என்று புதன்கிழமை தெரியும்.

மருந்து என்றால் குணமாகிவிடும் என்று நம்பினேன் என எழுதத்தான் முதலில் காகிதம் எடுத்தேன். அது பொய். கிழித்துப் போட்டேன். வியாழக்கிழமை உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேனே, “நல்லா இரிக்கியா?” என்று கேட்டீர்கள். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கு என்ன நடக்கும் என்று யோசித்தேன். உங்கள் வயலை யோசிக்கவில்லை. பின்சீற்றில் யார் ஏறுவார்கள் என்றும் யோசிக்கவில்லை. ‘வலது மணிக்கட்டு’ என்று நீங்கள் எழுதியதை வாசித்த நாளிலிருந்து அந்த அரிதட்டில் நான் மா அரிப்பதில்லை. ஓட்டை என்று சொல்லி வேறு வாங்க வைத்தேன்.

இந்தக் கடிதத்தைச் சபையில் காட்டுங்கள்.

மஸூதா

*

நாவுல
04.10.1966

என் தங்கச்சிக்கு,

ஸலாம். உன் கடிதத்தை லெட்சுமணனின் கொட்டிலில் நின்று வாசித்தேன். கோபம்தான் வந்தது. யார் மேல் என்று இன்னும் தெரியவில்லை.

அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. ஹாஜியார் நாவுல பள்ளிவாசலில் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆயிரம் ரூபாய் தருவாராம், நான் வாயை மூட வேண்டுமாம். இல்லாவிட்டால், “தங்கச்சியையும் பிள்ளையையும் வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க” என்றாராம். உம்மா அதைக் கேட்டதிலிருந்து தொழுத பாயை விட்டு எழும்பவில்லை. புருஷனைப் பிரிந்து, கைப்பிள்ளையோடு நீ இங்கே வந்து நின்றால் ஊர் என்ன சொல்லும் என்று அழுகிறா.

நான் முடிவெடுத்துவிட்டேன். ஆயிரத்தை வாங்கிக்கொள்கிறேன். உன் கடிதத்தை எரித்துவிடுகிறேன். காரைத் துண்டு துண்டாக விற்கலாம் என்று லெட்சுமணன் சொல்கிறான். உன் வாழ்க்கையை விடவா எனக்கு அந்த இரும்பு பெரிது?

உன் நானா

*

மாத்தளை
10.10.1966

நானாவுக்கு,

ஸலாம். என் கடிதத்தை எரிக்க வேண்டாம். எரித்துவிட்டீர்கள் என்றால் இன்னொன்று எழுதுவேன்.

பொனட்டைத் திறக்கவில்லை, ஏன் என்றால் மஸூதாவைக் கட்டிக் கொடுத்த வீடு. இப்போது வழக்கை விடப் போகிறீர்கள், ஏன் என்றால் மஸூதாவின் வாழ்க்கை. இரண்டு தரமும் என் பேரைத்தான் சொல்கிறீர்கள். ஒரு தரமாவது என்னைக் கேட்டீர்களா? மாமா என் பேரைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துகிறார், நீங்கள் என் பேரைச் சொல்லிப் பயப்படுகிறீர்கள். நான் என்ன, இரண்டு பேருக்கும் நடுவில் வைத்த அடகுச் சாமானா?

ஆயிரம் ரூபாய்க்கு நீங்கள் வாயை மூடினால் நானும் மூடியவளாவேன். இந்த வீட்டில் இன்னும் முப்பது வருஷம், அரித்துக் கொடுத்ததை விழுங்கிக்கொண்டு சோறாக்க வேண்டும். அதுவா நீங்கள் காப்பாற்றுகிற வாழ்க்கை?

சபை கூடுகிற பௌர்ணமிப் போயா லீவு நாளில் நான் வருவேன். நூருன்னிஸா கூட வருகிறா. வேலம்மாவையும் கூட்டி வாருங்கள்.

உம்மாவை எழும்பச் சொல்லுங்கள். இது சாவு வீடில்லை, யாரும் மௌத்தாகவில்லை.

மஸூதா

*

நாவுல
30.10.1966

மச்சான் புஹாரி அவர்களுக்கு,

ஸலாம். நீங்கள் கொழும்பில் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். நேற்று நடந்ததை யாராவது வேறு மாதிரி எழுதுவதற்கு முன் நான் எழுதிவிடுகிறேன்.

இணக்க சபை பள்ளிக்கூடத்தில் கூடியது. உங்கள் வாப்பா காகிதத்தை நீட்டினார். தலைவர் வாசித்துவிட்டு, “இதுக்கு மேல என்ன?” என்றார். அப்போது மஸூதா எழுந்து நின்றா. நடந்ததைச் சொன்னா, சிங்களத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம்.

“குசினிப் பொம்பளைக்குக் கியர்பொக்ஸப் பத்தி என்ன தெரியும்?” என்றார் உங்கள் வாப்பா.

“கியர்பொக்ஸப் பத்தி ஒண்டும் தெரியாது மாமா. மரத்தூளப் பத்தித் தெரியும். மொத தரம் அரிச்சது கரடுண்டு நீங்கதானே திருப்பித் தந்தீங்க?”

பின் வாங்குப் பலகையில் இருந்த யாரோ சிரித்துவிட்டான். தலைவர் சிரிக்கவில்லை. “மாமனாருக்கு எதிராகவா பேசுறீங்க மகள்?” என்று கேட்டார். “எதிராகப் பேசல்ல. கேட்டதுக்குப் பதில் சொல்றேன். நாலு மாசம் பிந்திட்டேன்” என்றா.

மிளகு போடுகிறவர் என்று தலைவரை நான் மட்டமாக நினைத்திருந்தேன். அவர் உங்கள் வாப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது: “ஹாஜியார், நான் துண்டு குடுத்தா இதே கதைய இந்தப் புள்ள கோட்டுல சொல்லும். அங்க எழுதுவாங்க.” பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. காரைத் திருப்பி எடுத்து, முழுப் பணத்தையும் இரண்டு தவணையில் தருவதாகக் கையெழுத்துப் போட்டார்.

வேலம்மாவின் கையைப் பற்றிக் கேட்டேன். “அந்தம்மா காரு வாங்கல்லியே” என்றார்கள். வாங்கியவனுக்கு உரிமை இருக்கிறதாம். ஏறியவளுக்கு இந்தச் சபையில் இல்லையாம். அவ முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு ஒரு ஓரத்தில் நின்றா. ஜெயித்த சந்தோஷம் எனக்கு அங்கேயே போய்விட்டது.

மஸூதாவை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். மாட்டேன் என்று உங்கள் வீட்டுக்கே போய்விட்டா. நான் பயந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் லீவு போட்டுவிட்டு வாருங்கள். உங்கள் வாப்பா பக்கம் நிற்பதா, அவ பக்கம் நிற்பதா என்பது உங்கள் இஷ்டம். ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு எதிலும் நிற்காமல் இருக்க வேண்டாம்.

ஜுனைதீன்

*

மாத்தளை
18.11.1966

அன்புள்ள நானாவுக்கு,

ஸலாம். நானும் சின்னவனும் சுகம். அவன் சுவரைப் பிடித்து நடக்கிறான். உம்மா எழும்பி நடக்கிறாவா?

முதல் நாள் மாமி, “ஒங்கட நானா ஊட்டுக்குப் போங்க” என்று என் பெட்டியை வாசலில் வைத்தா. எடுத்து உள்ளே வைத்தேன். திரும்பவும் வைத்தா. திரும்பவும் எடுத்தேன். மூன்றாம் தரம் அவவுக்கே களைத்துப்போனது. மரத்தூள் குழைத்தவர் இந்த வீட்டில் இருக்கலாம், அதைச் சொன்னவள் இருக்கக் கூடாதா? நான் போகவில்லை.

இவர் வந்தார். “எனக்கு ஏன் மொதல்ல சொல்லல்ல?” என்றார். “சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?” என்று கேட்டேன். சின்னவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “ஒண்டும் செஞ்சிருக்க மாட்டேன்” என்றார். அந்த உண்மைக்காக அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி போனது. மறுநாள் கொழும்புக்குப் போய்விட்டார். மற்றப் பாதி இருக்கிறது.

முதல் தவணை உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று நூருன்னிஸா சொன்னா. மதினியின் மாலையை மீட்பதற்கு முன் வேலம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப் போங்கள். சபை சொல்லாவிட்டால் என்ன, ஓட்டியது நீங்கள், அரித்தது நான்.

இன்னொரு விஷயம். கார் திரும்பி வந்து முற்றத்தில் நிற்கிறது. போன கிழமை மூன்று நாள் அதற்குக் கீழே அதே ஆள் படுத்திருந்தான். இன்று காலை பல்லேகமவிலிருந்து முஹம்மது என்று ஒருவர் வந்தார். மரக்கறிக்காரர், சாரத்தை முழங்காலுக்கு மடித்துக் கட்டியிருந்தார், இடுப்பில் பணப்பை. மாமா அவருக்குப் புதுக் காகிதம் எழுதிக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி கொண்டு போனேன். தட்டை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

“கியர்பொக்ஸக் கழட்டிப் பாக்காம வாங்காதீங்க. உள்ளுக்கு மரத்தூள் இரிக்கு.”

அந்த மனுஷர் மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போய்விட்டார்.

மாமா பேனையை மூடவில்லை. “இனி இந்த ஊட்டுல என்னால எதையும் விக்க ஏலாதா?” என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை நானா, மெய்யாகவே கேட்டார்.

“விக்கலாம் மாமா” என்றேன். “உள்ளுக்கு என்ன இரிக்குண்டு சொல்லிட்டு வில்லுங்க.”

நான் அந்தத் தேத்தண்ணியை எடுத்து அங்கேயே நின்று குடித்துவிட்டு, உலை வைக்க உள்ளே வந்தேன்.

தங்கச்சி,
மஸூதா